முப்பத்தொன்பது டிகிரியில் நின்ற என் கல்லீரல்

பிப்ரவரி 3, செவ்வாய்

வருங்கால வரலாற்று ஆசிரியர்கள் கவனத்துக்கு: சங்கரன்கோவில் வட்டாரத்தின் ஒலிபெருக்கிச் சக்கரவர்த்தி ஆவுடைநாயகமாகிய நான் இன்று காலை சென்னைப் பட்டணத்துக்குள் பிரவேசித்தேன். எழும்பூர் நிலையத்தில் யானை வரவில்லை, மேளம் வரவில்லை. என் தங்கை மகள் வடிவு மட்டும் தலைக்கவசத்தைக் கையில் தொங்கவிட்டபடி வந்திருந்தாள்.

ஆட்டோவில் மைக்கைக் கட்டிக்கொண்டு முப்பது வருடமாக நான் செய்யாத அறிவிப்பு இல்லை. துணிக்கடைத் திறப்பு, கோயில் கொடை விழா, காணாமல் போன எருமை. நான் ஒரு தடவை ‘வாரீர்’ என்றால் பக்கத்து மாவட்டத்தில் ஆட்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

“மாமா, என்ன இவ்ளோ மூட்ட?” என்றாள் வடிவு.

“ஒங்க அத்தைட்ட கேளு. சென்னையில உப்பு, புளி கெடைக்காதுன்னு எவனோ சொல்லிட்டான் போல.”

“எவனோவா? நீங்கதான சொன்னிய!” என்றாள் கோமு. என் மனைவி. என் சாம்ராஜ்யத்தின் ஒரே எதிர்க்கட்சி.

வந்த காரணத்தையும் எழுதிவிடுகிறேன். கல்லீரலில் ஒரு கட்டி. பெரிய நெல்லிக்காய் அளவு. அறுக்கத் தோதில்லாத இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறதாம். வடிவு வேலை பார்க்கும் ஆராய்ச்சி மருத்துவமனையில் ஒரு புது வைத்தியத்தைச் சோதித்துப் பார்க்கிறார்கள். அதற்கான இயந்திரத்தை இயக்குவதே அவள்தான்.

அவ்வளவுதான் விஷயம். இட்லி மோசமில்லை.

பிப்ரவரி 4, புதன்

டாக்டர் எஸ்தரைப் பார்த்தோம். சின்ன உருவம், பெரிய கண்ணாடி. பொறுமையாகச் சொன்னார்.

“ஐயா, கட்டிக்கு ரத்தம் போற குழாய் வழியா ரொம்ப ரொம்பச் சின்ன இரும்புத் துகள்களை அனுப்புவோம். ஒவ்வொரு துகளோடவும் மருந்து இருக்கும். மேல மெழுகு மாதிரி ஒரு உறை. அப்புறம் உங்க வயித்தைச் சுத்தி ஒரு கம்பிச்சுருளை வச்சு காந்தப் புலம் குடுப்போம். அந்தப் புலம் நொடிக்கு லட்சம் தடவை திசை மாறும். அதுக்கு ஈடுகொடுத்து துகளோட காந்தமும் திரும்பித் திரும்பி, துகள் சூடாகும். நாப்பத்துமூணு டிகிரி வந்தா உறை இளகும். மருந்து வெளிய வரும்.”

“உடம்பு பூராவா?”

“இல்லை. கட்டிக்குள்ள மட்டும். அதுக்குத்தான் இவ்வளவு பாடும். முடிகூட அவ்வளவா கொட்டாது.”

“கொட்டுறதுக்கு என்ன இருக்கு?” என்றாள் கோமு, என் தலையைப் பார்த்து.

வரலாற்றுக்காக இதை என் மொழியில் சொல்லிவிடுகிறேன். கோடானுகோடி இரும்பு வீரர்கள், மூடிய முஷ்டிக்குள் மருந்துடன், என் கல்லீரல் கோட்டைக்குள் ஊடுருவிக் காத்திருப்பார்கள். வெளியிலிருந்து என் மருமகள் பொத்தானை அழுத்துவாள். வீரர்கள் நொடிக்கு லட்சம் தடவை ‘இடது திரும்பு, வலது திரும்பு’ போட்டு வியர்த்து விறுவிறுத்து முஷ்டியைத் திறப்பார்கள். கதை முடிந்தது, எதிரி காலி.

காத்திருப்பு அறையில் ஒரு அம்மாளிடம் இதைச் சொன்னேன். ராபியா பேகம், வாணியம்பாடியில் கணக்கு டீச்சர். அவருக்கும் கல்லீரல்தான். இந்தச் சோதனையில் நான் மூன்றாவது ஆள், அவர் நான்காவது.

“கோடானுகோடின்னா எத்தனை பூஜ்யம் அண்ணே?”

“எண்ண முடியாது டீச்சர்.”

“எண்ண முடியாதுன்னு எதுவும் இல்லை. உங்களுக்கு எண்ணத் தெரியலைன்னு சொல்லுங்க.”

முப்பது வருடத்தில் முதல் முறையாக யாரோ என் மைக்கைப் பிடுங்கிக்கொண்டதுபோல் இருந்தது.

பிப்ரவரி 5, வியாழன்

படை நுழைந்தது. தொடை இடுக்கு வழியாகக் குழாய் விட்டு அனுப்பினார்கள். நான் ‘எரிமலை! எரிமலை!’ என்று அலறியதில் மூன்றாவது மாடிவரை கதவு திறந்ததாம். ஊசி குத்துவதற்கு முன்பே அலறிவிட்டேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

பிப்ரவரி 6, வெள்ளி

முதல் காந்த அபிஷேகம்.

ஸ்டீபன் என்கிற நர்ஸ் தம்பி வந்து கேட்டார். “மோதிரம், வாட்ச், செயின், பல்செட்டு, எல்லாம் கழட்டியாச்சாய்யா?”

“ஆச்சு தம்பி. இனிமே கழட்ட உசிரு ஒண்ணுதான் பாக்கி.”

லாரி டயர் அகலத்துக்கு ஒரு வளையம். அதற்குள் என்னை நுழைத்துப் படுக்கவைத்தார்கள். கல்லீரலின் சூட்டைப் பார்க்க முடிபோன்ற ஒரு கண்ணாடி இழையை உள்ளே விட்டிருந்தார்கள். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் வடிவு. அவள் முகத்தில் சிரிப்பே இல்லை. சின்ன வயதில் என் ஆட்டோவில் ஏறி மைக்கில் ‘அம்மா பசிக்கி’ என்று ஊருக்கே அறிவித்த பிள்ளை இது.

பொத்தானை அழுத்தினாள். ரீங்காரம். டாக்டர் எஸ்தர் வாசித்தார்: முப்பத்தேழு. முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது.

முப்பத்தொன்பது.

முப்பத்தொன்பது.

அங்கேயே நின்றுவிட்டது. ஆனால் என் இடுப்பு மட்டும் நிற்கவில்லை. சுற்றிலும் நெருப்பு ஒட்டியாணம் கட்டியதுபோல.

“டாக்டரம்மா! எரிமலை! இடுப்புல தீப்பிடிச்சிட்டு!”

ஒலிபெருக்கியில் டாக்டர் குரல் வந்தது. “ஐயா, நேத்து ஊசிக்கும் எரிமலைன்னுதான் சொன்னீங்க. காலைல ஏசி போட்டதுக்கு இமயமலைன்னீங்க. வயித்துத் தோல்ல முப்பத்தாறுதான் காட்டுது. கொஞ்சம் பொறுத்துக்கங்க.”

பொறுத்தேன். பயன் இல்லை. ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தார்கள், மருந்து வெளியே வந்த சுவடே இல்லை. நாற்பத்துமூன்று ஆகாமல் என் வீரர்கள் முஷ்டியைத் திறக்க மாட்டார்களாம். கொள்கைப் பிடிப்பு உள்ளவர்கள்.

பிப்ரவரி 7, சனி

இரண்டு வேட்டி, மூன்று சட்டை துவைத்தேன். வடிவு வீட்டு மொட்டைமாடியில் காயப்போட ஆள் உயரத்துக்குக் கயிறு கட்டியிருக்கிறார்கள், ஆள் எவர் என்று தெரியவில்லை. எனக்கு எட்டவில்லை. முருங்கைக்காய் ஒன்று இருபது ரூபாயாம். இந்த ஊரில் அதைப் பெட்டகத்தில் வைப்பார்கள் போலும்.

இடுப்பைச் சுற்றி ஒரு சிவப்புக் கோடு. கோமு தேங்காய் எண்ணெய் தடவினாள்.

“என்னதுங்க இது?”

“வேர்க்குரு.”

“பிப்ரவரி மாசத்துலயா?”

“சென்னையில வேர்க்குருக்கு மாசம் கெடையாது.”

அவள் நம்பவில்லை. ஆனாலும் தடவிக்கொண்டே இருந்தாள்.

பிப்ரவரி 9, திங்கள்

வடிவு நேற்றெல்லாம் ஆய்வுக்கூடத்திலேயே இருந்தாள். இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டிச் சோதித்திருக்கிறாள். வயிறு மாதிரி செய்துவைத்த தண்ணீர்ப் பொம்மைக்குள் அதே துகள்களைப் போட்டு வைத்தால் நாற்பத்துமூன்று அழகாக வருகிறதாம். என் வயிற்றுக்குள் மட்டும் வர மறுக்கிறதாம்.

ராபியா டீச்சர் இன்று வந்திருந்தார். மகன் விடுப்பு போட்டுக் கூட்டிவந்திருக்கிறான்.

“எனக்கு வர்ற வாரம் ஆரம்பிக்கிறதா இருந்துச்சு. உங்க கல்லீரல் சூடாகிற வரைக்கும் நிறுத்தி வச்சிருக்காங்க அண்ணே. முதல் ரெண்டு பேருக்குச் சூடாச்சு, உங்களுக்கு ஏன் ஆகலைன்னு தெரியாம எனக்குப் போட்டு என்ன பிரயோசனம்னு டாக்டர் கேக்கறாங்க. நியாயம்தானே?”

“நாளைக்கு மறுபடியும் போடுதாங்க டீச்சர். பாருங்க, என் கல்லீரல் கொதிக்கிற கொதிப்புல சென்னைக்கே சுடுதண்ணி குடுக்கலாம்.”

“நாப்பத்துமூணு போதும்” என்றார் டீச்சர். “அதுக்கு மேல ஒண்ணு கூட வேண்டாம்.”

பிப்ரவரி 10, செவ்வாய்

இரண்டாவது தடவை. காந்தப் புலத்தைக் கொஞ்சம் கூட்டினார்கள். முப்பத்தொன்பது. அங்கே நின்றது.

இந்தத் தடவை நான் எரிமலை என்று சொல்லவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மேற்கூரையில் இருந்த ஓட்டைகளைப் பார்த்தேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் பதில் இருக்கிறது, ஆனால் எழுதப் பிடிக்கவில்லை.

வெளியே வந்ததும் வடிவு பக்கத்தில் உட்கார்ந்தாள். கண் வீங்கியிருந்தது.

“மாமா, சுருளுக்குள்ள வெள்ளியோ செம்போ, மூடின வளையமா ஏதாவது கெடந்தா இப்படித்தான் ஆகும். காந்தப் புலம் மாறுறப்ப அந்த வளையத்துல கரண்ட் ஓடும். அது புலத்தை எதுத்து நிக்கும். வளையம் சூடாகும், உள்ள இருக்குற துகளுக்குப் போய்ச் சேர வேண்டியது சேராது. ஒங்க மேல அப்படி ஏதாவது இருக்கா? தாயத்து, காப்பு, எதுவாச்சும்?”

“ஒண்ணும் இல்லட்டி.”

“சத்தியமா?”

“ஏட்டி, என்னை என்ன நகைக்கடைன்னு நெனச்சியா?”

பொய் அல்ல. அரைஞாண் கொடியை எவனாவது நகை என்பானா? அது உடம்பின் ஓர் உறுப்பு. குழாய் விடும்போது ஸ்டீபன் தம்பியே அதைப் பார்த்தார், ‘கொஞ்சம் மேல ஏத்திக்கறேன்யா’ என்று ஒதுக்கிவிட்டு வேலையைப் பார்த்தார். கழற்றச் சொல்லவில்லை. அவர் இடுப்பிலும் ஒன்று இருக்கும். ஸ்கேன் எடுத்தவரும் ‘கீழ எறக்குங்க’ என்றாரே தவிர கழற்றச் சொல்லவில்லை. இத்தனை படித்தவர்கள் ஒருத்தர்கூட அதை உலோகத்தில் சேர்க்கவில்லை. நான் மட்டும் சேர்க்க வேண்டுமா?

பிப்ரவரி 11, புதன்

மழை. ஊறுகாய் ஜாடி உடைந்தது. நான் உடைக்கவில்லை, அதுவாக உடைந்தது.

கொடியைப் பற்றிக் கொஞ்சம். கல்யாணத்துக்கு மாமனார் போட்ட வெள்ளி. அப்போது நான் ஒல்லிக்குச்சி. கொக்கி கழன்று கழன்று விழுகிறதென்று ஆசாரி அதை நெருக்கி ஊதிப் பற்றவைத்துவிட்டார். அதற்குப் பிறகு என் சாம்ராஜ்யம் எல்லாத் திசையிலும் விரிவடைந்தது. இப்போது அது நெஞ்சைத் தாண்டி மேலேயும் வராது, இடுப்பைத் தாண்டிக் கீழேயும் இறங்காது. கழற்றுவதென்றால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

எங்கள் பக்கம் ஆம்பிளைக்கு அரைஞாண் கொடியை எப்போது அறுப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. போன வருடம் என் கூடப்பிறந்த சங்கரலிங்கம் அண்ணனைக் கடைசியாகக் குளிப்பாட்டியபோது நான்தான் பக்கத்தில் நின்று செம்பில் தண்ணீர் மொண்டு கொடுத்தேன். ‘டிக்’ என்று ஒரு சத்தம். மைக்கை அணைக்கும்போது வருமே, அந்த மாதிரி.

அண்ணனுக்கும் கல்லீரல்தான்.

ஜாடி உடைந்தது அதுவாகத்தான்.

பிப்ரவரி 12, வியாழன்

இன்று மருத்துவமனைக்குச் சும்மா போனேன். வாசலில் ராபியா டீச்சர் பையோடு நின்றார். மகன் ஆட்டோ பிடிக்கப் போயிருந்தான்.

“எங்க டீச்சர்?”

“ஊருக்கு. பள்ளிக்கூடத்துல பரீட்சை வருது. இங்க சும்மா உக்காந்திருக்கறதுக்கு, பத்தாம் வகுப்புப் பிள்ளைங்களுக்கு நாலு கணக்காவது போட்டுக் குடுக்கலாம். டாக்டர் கூப்பிட்டா வர்றேன். கூப்பிடுவாங்களான்னு தெரியலை.”

“எனக்கு இன்னொரு தடவை போடுவாங்க டீச்சர்.”

“ரெண்டு தடவை முப்பத்தொன்பது வந்தா மூணாவது தடவை என்ன வரும்னு நினைக்கறீங்க?” என்று கேட்டார். கோபம் இல்லை. வகுப்பில் கடைசி வரிசைப் பையனிடம் கேட்பதுபோலக் கேட்டார். “எதையாவது மாத்தாம விடை மாறாது அண்ணே.”

முப்பது வருடமாக எல்லாவற்றையும் வாயாலேயே அறிவித்த நான் முதல் தடவையாகச் சட்டையைத் தூக்கிக் காட்டினேன். நட்ட நடுத்தெருவில், கணக்கு டீச்சரிடம், எரிந்து கொப்புளித்த என் இடுப்பை.

டீச்சர் முகத்தைத் திருப்பவில்லை. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். பையைக் கீழே வைத்தார்.

“முதல்ல சட்டையை இறக்குங்க. வாங்க, உள்ள போவோம்.”

உள்ளே நடந்ததைச் சுருக்கமாக எழுதுகிறேன். டாக்டர் எஸ்தர் திட்டினார். என்னை, ஸ்டீபனை, ஸ்கேன் எடுத்தவரை, கடைசியில் தன்னையே. “எத்தனை ஆம்பிளைங்களைப் பரிசோதிச்சிருப்பேன்! இது கண்ணுல படுது, ஆனா மனசுல படலையே!” என்று தலையில் கைவைத்துக்கொண்டார். சோதனையை மேற்பார்வை பார்க்கும் குழுவுக்கு எல்லாவற்றையும் எழுதியாக வேண்டுமாம்.

வடிவு திட்டவில்லை. கொப்புளத்தைப் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டாள். அதற்குத் திட்டே மேல்.

பிப்ரவரி 13, வெள்ளி

அறுப்பதென்று முடிவானது. யார் அறுப்பது என்பதில் மாநாடு.

கோமு வழி கண்டுபிடித்தாள். “மொதல்ல கறுப்புக் கயித்தக் கட்டிருவோம். அதுக்கப்புறம் வெள்ளிய எடுப்போம். ஒரு நொடிகூட வெறும் இடுப்பா இருக்க மாட்டிய. கயித்துல கரண்ட் ஓடாதுல்ல வடிவு?”

“ஓடாது அத்தை.”

“பெறவு என்ன?”

கயிறு கட்டியாயிற்று. வடிவு கட்டிங் பிளேயரோடு வந்தாள். கிட்டே வந்தவள் கையைக் கீழே போட்டுவிட்டாள். “என்னால முடியாது மாமா. பெரியமாமாவுக்கு அறுத்தப்ப நானும் அங்கதான் நின்னேன்.” கோமுவைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்டீபன் தம்பி ‘நான் வேணா’ என்று ஆரம்பித்து, மூன்று பேர் முகத்தையும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

“குடுட்டி அதை இங்க” என்றேன்.

“மாமா?”

“இதுவரைக்கும் எந்தப் பொணமாவது தன் கொடியத் தானே அறுத்திருக்கா? கேள்விப்பட்டிருக்கியா?”

“இல்ல.”

“அப்ப இது அந்தக் கணக்குல வராது.”

வயிறு மறைத்ததால் எங்கே வைக்கிறோம் என்று தெரியவில்லை. கோமு வந்து என் வயிற்றை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். உலக வரலாற்றில் எந்தப் பட்டத்தரசியும் எந்தச் சக்கரவர்த்திக்கும் செய்யாத சேவை அது. அழுத்தினேன்.

டிக்.

“செத்துட்டேனா?” என்றேன்.

“வாயி ஓயலையே” என்றாள் கோமு. வடிவு சிரித்தாள். வந்ததிலிருந்து இப்போதுதான் சிரிக்கிறாள்.

பிப்ரவரி 15, ஞாயிறு

புண் ஆற வேண்டும் என்று மருந்து பூசி வைத்திருக்கிறார்கள். கொடி இருந்த இடத்தைத் தேடிக் கை அடிக்கடி இடுப்புக்குப் போகிறது. கயிறு இருக்கிறது. சரி.

பிப்ரவரி 19, வியாழன்

மூன்றாவது தடவை. நுழையும் முன் ஸ்டீபன் தம்பி என்னைச் சுற்றி வந்து தடவிப் பார்த்தார், எல்லைச் சோதனைச் சாவடி தோற்றது.

முப்பத்தேழு, முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது. டாக்டர் எஸ்தர் அங்கே நிறுத்தி மூச்சு வாங்கினார்.

நாற்பது.

நாற்பத்தொன்று.

வடிவு நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். விலா எலும்புக்குக் கீழே, ஆழத்தில், யாரோ வெந்நீர்ப் பையை வைத்ததுபோல் ஒரு சூடு.

“ஐயா, எப்படி இருக்கு? சொல்லுங்க” என்றார் டாக்டர்.

எரிமலை என்று வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன்.

“வலது பக்கம், விலாவுக்குக் கீழ, வெதுவெதுன்னு இருக்கு. இடுப்புல ஒண்ணும் இல்ல. வலி இல்ல” என்றேன்.

அந்தப் பக்கமிருந்து டாக்டர் கேட்டார். “ஆவுடைநாயகம் ஐயாதானே பேசறது?”

நாற்பத்துமூன்று.

ரத்தத்தில் மருந்து தெரிகிறதாம். கொஞ்சமாக. மற்றதெல்லாம் கட்டிக்குள்ளேயே இறங்கியிருக்க வேண்டும் என்கிறார்கள். வீரர்கள் முஷ்டியைத் திறந்துவிட்டார்கள். திறந்த கையால் எதிரியை அடித்தார்களா என்று தெரிய மூன்று வாரம் ஆகும்.

பிப்ரவரி 24, செவ்வாய்

ராபியா டீச்சருக்கு இன்று துகள் ஏற்றினார்கள். “கோடானுகோடி வணக்கம் டீச்சர்” என்றேன். “ஒண்ணு போதும்” என்றார்.

மார்ச் 10, செவ்வாய்

ரயிலில் எழுதுகிறேன். எழுத்து ஆடினால் அது தண்டவாளத்தின் குற்றம்.

காலையில் ஸ்கேன் பார்த்தோம். டாக்டர் எஸ்தர் திரையில் கோடு போட்டுக் காட்டினார். கட்டி நாற்பத்தொன்று மில்லிமீட்டராக இருந்தது. இப்போது முப்பத்தெட்டு. “நல்ல செய்தின்னு சொல்லலாம். குணமாயிடுச்சுன்னு சொல்ல முடியாது. இன்னும் ரெண்டு சுற்று இருக்கு, ஏப்ரல்ல வாங்க. அதுக்கப்புறமும் உறுதியா ஒண்ணும் சொல்ல மாட்டேன்” என்றார். வடிவு என் சட்டைப் பொத்தான் ஒன்று தவறிப் போட்டிருந்ததைக் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டாள்.

எழும்பூரில் வண்டி ஏறியதும் என் தங்கை, வடிவின் அம்மா, போனில் கூப்பிட்டாள். எடுக்கும் முன் கோமு கிசுகிசுத்தாள்.

“பாதியாக் கொறஞ்சிட்டுன்னு சொல்லுங்களேன். பாவம், சந்தோசப்படுவா.”

நியாயமான யோசனை. வேறு எந்த நாளாக இருந்தாலும் கட்டியே காணாமல் போய்விட்டது, டாக்டர்கள் வரிசையில் நின்று என் காலில் விழுந்தார்கள் என்று சொல்லியிருப்பேன்.

“மூணு மில்லிமீட்டர் கொறஞ்சிருக்கு தங்கச்சி” என்றேன். “மூணேதான்.”

போனை வைத்ததும் கோமு கேட்டாள். “மூணு மில்லிமீட்டருன்னா எம்புட்டு?”

கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் கொஞ்சமே விலக்கிக் காட்டினேன்.

“இம்புட்டா?” தன் விரலை வைத்துப் பார்த்தாள்.

“அவ்ளோ இல்ல. கொஞ்சம் கொற.”

குறைத்தாள்.

“அந்தா. அம்புட்டுத்தான்.”

அவள் அந்த இடைவெளியை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் அதன் வழியாகப் பார்த்தாள். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டாள். வண்டி தாம்பரம் தாண்டிவிட்டது. டிக்கெட் பரிசோதகர் வந்தார், காப்பிக்காரர் இரண்டு தடவை வந்தார். இன்னும் அந்த விரல்களை அவள் மூடவில்லை.